தொண்ணூறு வீதம்

நியூஃபவுண்ட்லண்ட் தீவைக் குறுக்கறுத்து ஓடும் பெருந்தெருவிலிருந்து தெற்கே பிரிகிறது 480ஆம் இலக்க வீதி. அது போய் முடியும் இடம் பர்ஜியோ. இடையில் ஏறத்தாழ 150 கிலோமீற்றர். அந்தத் தூரம் முழுக்க ஓர் ஊர் இல்லை, பெற்றோல் அடிக்க இடமில்லை, ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிக்கக் கடையில்லை. மொட்டைப் பாறையும் கறுத்த குளங்களும் காற்றுக்குக் குனிந்தே வளர்ந்த குட்டை மரங்களும்தான். இந்த வீதியைப் போட்டு முடித்தது 1979இல். அதற்கு முதல் பர்ஜியோவுக்குப் போவதென்றால் கடலால்தான் போக வேண்டும்.

நான் போக நினைத்த ஊருக்கு இன்றைக்கும் வீதி இல்லை. அதன் பெயர் ஃபிரான்சுவா. எழுத்தில் பிரெஞ்சுப் பெயர்; ஊர்ச் சனத்தின் வாயில் அது 'ஃபிரான்ஸ்வே'. பர்ஜியோவிலிருந்து ஒரு சிறிய கப்பல் கிரே ரிவர் என்ற ஊரைத் தொட்டுக்கொண்டு அங்கே போகிறது. ஆட்களையும் சாமானையும் மட்டும் ஏற்றும்.

இறங்குதுறையில் பெட்டிகள் வந்து குவிந்தன. பால், முட்டை, பாண், எரிவாயுச் சிலிண்டர், ஒட்டுப்பலகை, யாருக்கோ வந்த புதுச் சலவை இயந்திரம். ஒவ்வொன்றிலும் தடித்த மையால் ஒரு பெயர். முகவரி கிடையாது, பெயரைச் சொன்னால் போதுமான ஊர்கள். பல் வைத்தியரிடம் வந்துவிட்டுத் திரும்பும் ஒரு தாய், கையில் மருந்துப் பையோடு ஒரு முதியவர், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் கணவன் மனைவி. எல்லோருடைய கண்ணும் கடலில். காற்று தென்மேற்கில் எழும்பினால் கப்பல் ஓடாது. நெடுந்தீவில் பிறந்து, குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்திருந்து வளர்ந்தவன் நான். "இண்டைக்கு ஓடுமோ?" என்று எங்கள் சனம் கேட்கும் அதே கேள்வியை அந்தத் தாய் கப்பல்காரரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு ஓடும் என்றார்.

இந்த ஊர்களை இங்கே 'அவுட்போர்ட்' என்பார்கள். தலைநகரான செயின்ட் ஜோன்ஸை விட்டால், கரையோரத்தில் மீன்பிடிச் சனம் எங்கே குடியிருந்தாலும் அது அவுட்போர்ட். அங்கே வாழ்பவன் 'பேமான்', வளைகுடாக்காரன். தலைநகரத்தில் இருப்பவன் 'டவுனி'. இரண்டையும் செல்லமாகவும் சொல்லலாம், கல்லாக எடுத்து எறியவும் செய்யலாம். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் 'தீவான்' என்று கூப்பிடப்பட்ட எனக்கு அந்த வித்தியாசத்தை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

ஊர்ச் சனத்திடம் தங்களுக்கென்று வேறு சொற்கள் இருக்கின்றன. கோடையில் வந்து மீன் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகாமல், மாரியிலும் அங்கேயே குடியிருப்பவர் 'லிவியர்'. இரண்டு கரைக்கு நடுவே வள்ளம் நுழையும் ஒடுங்கிய கடல் 'டிக்கிள்'. அலை ஏறி இறங்கும் கரைத்துண்டு 'லேண்ட்வாஷ்'. மீன் என்று வெறுமனே சொன்னால் அது கொட் மீன்தான். மற்ற எதற்கும் அதனதன் பெயரைச் சொல்ல வேண்டும். இந்தச் சொற்களையெல்லாம் மெமோரியல் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் மூவர் பல காலம் சேர்த்து 1982இல் பெரிய அகராதியாகவே போட்டார்கள். அரசாங்கக் கடிதங்களில் வரும் சொற்கள் வேறு. ஒதுங்கிய சமூகம், வளர்ச்சி மையம், மீள்குடியேற்றம், இடமாற்றம். இந்த நான்கு சொற்களும் ஊர்களை அழித்திருக்கின்றன. அதை நான் கப்பலிலேயே கேட்கத் தொடங்கினேன்.

மனிதர் ஏன் இப்படிக் குடாவுக்குக் குடா சிதறிப் போய்க் குடியேறினார்கள்? வரைபடத்தை நகரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது கிறுக்குத்தனமாகப் படும். கடலிலிருந்து பார்த்தால் கணக்குச் சரியாக வரும். இங்கிலாந்தின் டெவன், டோர்செட் பகுதிகளிலிருந்தும் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் பக்கத்திலிருந்தும் வந்தவர்களிடம் இருந்தது துடுப்பு வள்ளம். விடியமுதல் வலித்துப் போய், மீனோடு வலித்துத் திரும்பி, அன்றைக்கே வெட்டி உப்புப் போட வேண்டும். வலிக்கக்கூடிய தூரத்துக்குள் மீன் இருக்க வேண்டும். காயப்போடக் கரையில் இடம் இருக்க வேண்டும். ஒரு குடாவில் பத்துக் குடும்பத்துக்கு இடம் இருந்தால் பத்துக் குடும்பம். பதினோராவது குடும்பம் அடுத்த குடாவைத் தேடிப் போனது. தெற்குக் கரையில் மாரியிலும் கடல் உறையாது என்பதால் ஆண்டு முழுக்கத் தொழில் இருந்தது. அலுவலகத்துக்குத்தான் இவை தொலைவு. மீனுக்கு இவற்றைவிடக் கிட்ட எந்த ஊரும் இல்லை.

இதை ஏதோ சுதந்திரமான வாழ்வு என்று பாடுவதற்கும் நான் தயாரில்லை. காசு கையில் புழங்காத வாழ்வு அது. வசந்தத்தில் வியாபாரி உப்பும் மாவும் கயிறும் கடனுக்குக் கொடுப்பான். இலையுதிர்காலத்தில் காய்ந்த மீனை அவனிடமே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மீனுக்கு விலை வைப்பவனும் அவன். மாவுக்கு விலை வைப்பவனும் அவன். தரம் பிரிப்பவன் மீனை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து வெவ்வேறு குவியலில் எறிவான். ஆகக் கழிந்த தரத்துக்கு 'வெஸ்ட் இண்டியா' என்று பெயர். அது கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனது, அங்கே அடிமைகளாக வைத்திருக்கப்பட்டவர்களின் வயிற்றுக்கு.

கிரே ரிவருக்கு நுழையும் வாயில் கிட்டப் போகும்வரை தெரியவே தெரியாது. பாறைச் சுவர் திடீரென்று பிளந்து வழிவிடுகிறது, உள்ளே வீடுகள். பெட்டிகள் இறங்கின, இரண்டு பேர் ஏறினார்கள். அங்கிருந்து கிழக்கே திரும்பிய பிறகு, மருந்துப் பை வைத்திருந்த முதியவர் என் தோளைத் தொட்டு ஒரு முனையைக் காட்டினார். புல், பாறை, வேறொன்றுமில்லை.

"கேப் லா ஹூன்," என்றார். "தேவாலயம் இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது. அம்மாவின் ஊர்."

கேப் லா ஹூன் கலைந்தது 1966இல். அதற்குக் கிழக்கே புஷ்த்ரூ 1969இல். நியூஃபவுண்ட்லண்ட் கனடாவோடு சேர்ந்தது 1949இல். அப்போது தீவைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட இப்படியான ஊர்கள். முதல்வர் ஜோயி ஸ்மோல்வூட்டின் அரசாங்கம் 1954இல் முதல் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊர் முழுக்கச் சம்மதித்தால் குடும்பத்துக்குக் கொஞ்சப் பணம். 1965இல் மத்திய அரசாங்கமும் சேர்ந்துகொண்டது. குடும்பத்துக்கு 1,000 டொலர், தலைக்கு மேலும் 200. சம்மதம் நூறு வீதம் தேவையில்லை, தொண்ணூறு போதும். பிறகு அதையும் எண்பதாக இறக்கினார்கள். 1975இல் திட்டம் ஓய்ந்தபோது ஏறத்தாழ 300 ஊர்கள் வெறுமையாகி, 30,000 பேர் வரை இடம்மாறியிருந்தார்கள். இதற்கு வைத்த பெயர் மீள்குடியேற்றம். எங்கள் நாட்டில் அந்தச் சொல், முகாமிலிருந்தவர்கள் சொந்தக் காணிக்குத் திரும்பிப் போவதைக் குறிக்கும். அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் சனம் முப்பது வருடம் மனுக் கொடுத்து, மறியல் இருந்திருக்கிறது. இங்கே அதே சொல்லைக் கேட்டால் கிழவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

வீடுகளையும் கொண்டு போனார்கள். நம்பக் கடினமாக இருக்கலாம். ஆனால் படங்கள் ஏராளமாக இருக்கின்றன. மரவீட்டை அடித்தூணிலிருந்து நெம்பி எழுப்பி, கீழே உருளைக் கட்டைகளைச் செருகி, ஊர் முழுக்கக் கயிறு பிடித்துப் பாட்டுப் பாடி இழுத்து, லேண்ட்வாஷ் வரை கொண்டு வருவார்கள். வெற்று எண்ணெய்ப் பீப்பாய்களை வீட்டைச் சுற்றிக் கட்டுவார்கள். வற்று முடிந்து பெருக்கு வரும்போது வீடு மிதக்கும். இயந்திர வள்ளங்கள் முன்னே கட்டி இழுக்க, இரண்டு மாடி வெள்ளை வீடு கடலில் மெல்ல நகர்ந்து போகும். பிளசென்ஷியா வளைகுடாத் தீவுகளிலிருந்து அப்படிக் கொண்டு வந்த வீடுகளை ஆர்னோல்ட்ஸ் கோவ் என்ற ஊரில் இன்றும் பார்க்கலாம். எல்லா வீடும் கரைசேரவில்லை. சில நடுக்கடலில் மூழ்கின.

போக விரும்பியவர்களும் இருந்தார்கள். அதை மறைத்து எழுதினால் அது பொய்க் கட்டுரை. பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவச்சி வர முடியாமல் மனைவியைப் பறிகொடுத்தவன், மகளை எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பிக்க ஆசைப்பட்டவள், மின்சார விளக்கைக் காண விரும்பியவள் — இவர்கள் 'வளர்ச்சி மையம்' என்ற சொல்லை நம்பிப் போனார்கள். போன இடத்தில் நல்ல மீன்தளங்களெல்லாம் முதலே அங்கிருந்தவர்களின் கையில் இருந்தன. மீன் பதனிடும் ஆலையில் எல்லோருக்கும் வேலை கிடைக்கவில்லை. தன் குடாவில் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்த மாதம் மீன் நிற்கும் என்று அறிந்த மனிதன், ஐம்பது வயதில் புதுக் கடலில் ஒன்றும் தெரியாதவனாக நின்றான்.

கப்பல் மலைச் சுவர்களுக்கு நடுவே திரும்பியபோது ஃபிரான்சுவா தெரிந்தது. செங்குத்தான பாறை பின்னால் எழுந்து நிற்க, அதன் காலடியில் அரைவட்டமாக வீடுகள். ஒன்றின் கூரைக்கு மேல் அடுத்ததின் வாசல். நடுவால் ஓர் ஓடை விழுந்து ஓடுகிறது. கார் இல்லை. பலகை நடைபாதைகளில் நாலு சில்லு மோட்டார் வண்டிகள் போய்வருகின்றன. கப்பல் வந்த சத்தத்துக்கு ஊரில் பாதிப்பேர் துறைக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சலவை இயந்திரத்தை நாலுபேர் தூக்கி வண்டியில் ஏற்றி, ஐந்தாவது ஆள் பிடித்துக்கொண்டு நடக்க, மேட்டில் ஏறிப் போனது. நூறு பேர்கூட இல்லாத ஊர். டீசல் ஜெனரேற்றர் இரவும் பகலும் ஓடுகிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகள் சொற்பம்.

நான் தங்கிய வீட்டு ஆச்சி என்னை "மை லவ்" என்று கூப்பிட்டார். எங்களூரில் முன்பின் தெரியாத பெடியனையும் "ராசா" என்று கிழவிகள் கூப்பிடுவதுபோல. சூடான பாணில் சதுப்பு நிலத்துச் செம்மஞ்சள் பழப்பாகைத் தடவித் தந்தார். 'பேக்ஆப்பிள்' என்ற அந்தப் பழம் ஒரு செடிக்கு ஒன்றுதான் காய்க்கும். ஒரு போத்தல் பாகுக்கு அரைநாள் நுளம்புக்கடி வாங்க வேண்டும். அதை எனக்குத் தடவும்போது அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை.

மாலையில் துறையோரம் ஒரு பெரியவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கடலுக்குள் கால் நட்டுக் கட்டிய மரக் கொட்டிலுக்கு 'ஸ்டேஜ்' என்று பெயர். எங்கள் வாடியை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இது தண்ணீருக்கு மேலேயே நிற்கும். வெட்டிய கழிவு நேரே கடலுக்குள் விழும். முன்னர் இது மூன்று பேர் வேலை. ஒருவர் கழுத்தை அறுப்பார், அடுத்தவர் குடலை எடுத்துத் தலையை மேசை விளிம்பில் வைத்து முறிப்பார், மூன்றாமவர் முள்ளெடுப்பார். மூன்றாமவருக்குத்தான் கூலி கூட. பெரியவர் தனியாக மூன்றையும் செய்தார். முள்ளெடுக்கும் கத்தி சிறிது வளைந்தது, கூர்முனை இல்லாதது. வயிற்றுப் பக்கம் இடது கையால் விரித்துப் பிடித்து, ஒரே இழுப்பில் கழுத்திலிருந்து தொப்புள் வரை, முள்ளின் அடியால் கத்தியை மடக்கி, மேலே ஒரு சுண்டு. நடுமுள் தெறித்துத் துவாரத்தால் விழுந்தது. மீன் புத்தகமாக விரிந்து கிடந்தது. இரத்தக் கோடு ஒன்று மட்டும் மிச்சம்; அதை நகத்தால் வழித்தார். ஒரு மீனுக்குப் பத்து விநாடி ஆகியிருக்காது.

"எத்தனை பிடிக்கலாம்?" என்றேன்.

"ஐந்து. நாங்கள் மூன்று பேர் போனோம், பதினைந்து."

விற்பதற்கல்லாமல் சொந்தச் சாப்பாட்டுக்குப் பிடிக்கிறவர்களுக்கு அரசாங்கம் வைத்த கணக்கு அது. ஆளுக்கு நாளுக்கு ஐந்து, வள்ளத்துக்குக் கூடியது பதினைந்து, அதுவும் குறித்த நாட்களில் மட்டும். வெளிநாட்டுப் பாரிய இழுவைக் கப்பல்களும் பிறகு கனடாவின் சொந்தக் கப்பல்களும் அடிமட்டத்தைத் துடைத்து அள்ளிய பிறகு, 1992 யூலை 2ஆம் திகதி மீன்பிடி அமைச்சர் ஜோன் குரொஸ்பி வடக்குக் கொட் பிடிப்பதை நிறுத்தினார். அடுத்த ஆண்டு தெற்குக் கரைக்கும் தடை வந்தது. ஏறத்தாழ 30,000 பேர் தொழிலை இழந்தார்கள். கனடாவின் வரலாற்றில் ஒரே அடியில் அவ்வளவு பேர் வேலை இழந்தது அதுவே முதல் தடவை. தெற்குக் கரையில் 1997இல் மட்டுப்படுத்தித் திறந்தார்கள். வடக்கில் வணிகத் தடையை விலக்க 2024 ஆனது. 'ஒதுங்கிய' ஊர்களை ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கலைத்தபோது சொன்ன காரணம், மீன்பிடியைப் பெரிய கப்பல்களுக்கும் ஆலைகளுக்கும் ஏற்றபடி நவீனமாக்குவது. கையில் தூண்டிலும் சிறு வலையும் வைத்திருந்தவர்கள் நானூறு வருடம் பிடித்தும் முடியாத மீனை அந்த நவீனம் நாற்பது வருடத்துக்குள் முடித்தது. இதைச் சொல்லும்போது பெரியவரின் குரலில் கோபம் இருக்கவில்லை. எனக்கு இருந்தது.

கலைப்பது நின்றுவிடவில்லை. இப்போது அதற்குப் பெயர் இடமாற்றம், அதுவும் ஊராரே கேட்டால்தான். 2013இலிருந்து ஒரு வீட்டுக்கு 250,000 முதல் 270,000 டொலர் வரை. ஊரார் மனுப்போட வேண்டும். அரசாங்கம் கணக்குப் பார்க்கும். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் வாக்களிக்க வேண்டும். தொண்ணூறு வீதம் 'ஆம்' என்றால் கப்பல் நிற்கும், விளக்கு அணையும் என்பதே அப்போதைய விதி. வடகரையில் லிட்டில் பே ஐலண்ட்ஸ் என்ற தீவில் ஒரு தடவை வாக்கெண்ணியபோது வந்தது 89.47 வீதம். அரை ஆள் குறைவு. அந்தத் தீவில் அடுத்த வருடங்களை நினைத்துப் பாருங்கள். வாக்கு இரகசியம்தான். ஆனால் நூறுக்கும் குறைந்த சனத்தில் யார் 'இல்லை' என்றார் என்று தெரியாமலா போகும்? உன்னுடைய ஒரு வாக்கால் என் பிள்ளைக்குக் கிடைக்க இருந்த வீடு போனது. உன்னுடைய வாக்கு என் தாய் கிடக்கும் சவக்காலையை விற்கப் பார்த்தது. இரண்டு பேரும் அடுத்த நாள் ஒரே துறையில் ஒரே கப்பலுக்கு நிற்க வேண்டும். 2019இல் மறுபடி வாக்கெடுத்தபோது ஒருவர் மிச்சமில்லாமல் 'ஆம்' என்றார்கள். அந்த வருடம் டிசம்பர் 31ஆம் திகதி மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஒரு கணவனும் மனைவியும் மட்டும் சூரியத் தகடு வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்கள்.

2021இல் தொண்ணூறை எழுபத்தைந்தாக்கியது அரசாங்கம். அரை ஆளால் ஊர் பிளவுபடும் கொடுமை இனி வராது என்று அதற்கு நியாயம் சொல்லலாம். நாலில் ஒருவர் போக மாட்டேன் என்று நின்றாலும் அவருடைய விளக்கும் அணையும் என்றும் சொல்லலாம்.

ஆச்சியிடம் இதைக் கேட்டேன். அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டே பேசினார். "வாக்கு என்ற கதை எழும்பினாலே போதும், தெருவில் சனம் கதைக்கிறது நின்றுவிடும். நான் போக மாட்டேன். ஆனால் போகிறவர்களைப் பிழை சொல்லவும் மாட்டேன். என் மனுசனுக்கு நெஞ்சுவலி வந்த இரவு பனிப்புகார். ஹெலிகொப்டர் இறங்க முடியாமல் திரும்பிப் போனது. பத்துப் பேர் வள்ளம் எடுத்தார்கள்." சிறிது நிறுத்திவிட்டு, "அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்போது வெளியே வேலைக்குப் போய்விட்டார்கள்," என்றார்.

இதுதான் அரசாங்கத்தின் பக்கத்து நியாயம், ஆச்சியின் வாயாலேயே. ஒரு கப்பல், ஒரு ஆசிரியர், ஒரு ஜெனரேற்றர், வந்து போகும் ஒரு தாதி. நூறு பேருக்கு இந்தச் செலவு பெரிது. அதை நான் மறுக்கவில்லை. நான் மறுப்பது, அந்தக் கணக்கை அயலவர் கையில் வாக்குச்சீட்டாகக் கொடுத்துவிட்டு, முடிவு அவர்களுடையது என்று கையைக் கழுவுவதை. முதலில் வியாபாரி கடையை மூடுவார், பிறகு பாதிரியார் வருவதில்லை, பிறகு ஆசிரியர் கிடைப்பதில்லை. எல்லாம் போன பிறகு வாக்குப்பெட்டி வரும். அப்போது வரும் தொண்ணூறு வீதம் விருப்பத்தின் அளவு அல்ல.

கேட்கவே கேட்காமல் கலைத்த இடங்களும் உண்டு. லாப்ரடோரின் வடக்கே ஹெப்ரோன் என்ற இனுயிட் ஊருக்கு 1959இல் அந்தச் செய்தியைத் தேவாலயத்துக்குள் வைத்துச் சொன்னார்கள். தேவாலயத்துக்குள் எதிர்த்துப் பேசும் வழக்கம் அவர்களிடம் இல்லை. குடும்பங்களைப் பிரித்துத் தெற்கே வேறு வேறு ஊர்களின் ஓரங்களில் விட்டார்கள். மாகாணம் மன்னிப்புக் கேட்டது 2005இல்.

மாறாக நடந்த இடமும் ஒன்று. ஃபோகோ தீவையும் அறுபதுகளில் கலைக்க இருந்தார்கள். 1967இல் மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையோடு கனடியத் தேசியத் திரைப்பட வாரியத்தின் கொலின் லோ அங்கே போய், ஊர்ச் சனத்தைப் பேசவைத்து இருபத்தேழு குறும்படங்கள் எடுத்தார். படங்களை அந்தத் தீவு ஊர்களிலேயே போட்டுக் காட்டினார்கள். மதத்தாலும் பழைய பகையாலும் பிரிந்து கிடந்த ஊர்கள், அடுத்த ஊர்க்காரனும் தன் கவலையையே சொல்கிறான் என்று திரையில் கண்டன. கூட்டுறவுச் சங்கம் கட்டினார்கள், பெரிய வள்ளம் கட்டினார்கள். ஃபோகோ இன்றும் குடியிருக்கிறது. வாக்கெடுக்கும் முன் அப்படி ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க எத்தனை ஊருக்கு வாய்த்தது?

ஃபிரான்சுவாவிலிருந்து திரும்பி, தீவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து, அவலோன் குடாநாட்டின் தெற்குக் கோடிக்குப் போனேன். செயின்ட் மேரீஸ் வளைகுடா. இங்கே வீதி இருக்கிறது. எனக்கு இங்கே வர வேறு காரணமும் இருந்தது.

1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, செயின்ட் ஷொட்ஸ் முனைக்கு வெளியே கடலில், பனிப்புகாருக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளை மீனவர் கஸ் டோல்ட்டன் கண்டார். அவருடைய வள்ளத்தின் பெயர் 'அட்லாண்டிக் ரீப்பர்'. படகுகளில் 155 தமிழர். ஜெர்மனியிலிருந்து ஒரு சரக்குக் கப்பல் ஏற்றி வந்து நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. டோல்ட்டன் கரைக்கு அறிவித்துவிட்டு, தன் வள்ளம் கொள்ளுமட்டும் ஆட்களை ஏற்றினார். மற்ற மீன்பிடி வள்ளங்களும் வந்து சேர்ந்தன. செயின்ட் ஜோன்ஸ் பல்கலைக்கழக விடுதிகளில் தங்கவைத்தார்கள். அந்த 155 பேரில் பலர் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் வேர்விட்டார்கள். அங்கே அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்கள், எந்த நாட்டிலிருந்து ஏறினார்கள் என்று பத்திரிகைகள் துருவின. வளைகுடாக்காரர்கள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. முப்பதாவது ஆண்டில் சிலர் திரும்பி வந்து டோல்ட்டனைக் கண்டு நன்றி சொன்னார்கள்.

அந்தக் கரையில் நான் பேச்சுக் கொடுத்த முதிய மீனவர் அந்த நாளில் கடலில் இல்லை. கேள்விப்பட்டது மட்டும்தான். ஆனால் நான் எங்கிருந்து வந்தவன் என்று தெரிந்ததும், தன் கொட்டிலுக்குள் கூட்டிப்போய் உப்பிட்ட மீனைக் காட்டினார். உங்கள் ஊரில் எப்படிக் காயப்போடுவீர்கள் என்று கேட்டார். கட்டாவைக் கீறி உப்புப் போட்டு, கிடுகில் பரப்பி, இரண்டு மூன்று வெயில் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "வெயில் கூடினால் மீன் வெந்துவிடுமே. நாங்கள் மதியத்தில் மரக்கொப்புப் போட்டு மூடுவோம்." இங்கே சூரியனும் காற்றும் சேர்ந்து வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும், பனிப்புகார் இறங்கினால் ஓடிப்போய் எல்லாவற்றையும் அடுக்கி மூட வேண்டும், பெண்களும் பிள்ளைகளும் செய்த வேலை அது. பிறகு, அதை எப்படிச் சமைப்பீர்கள் என்றார். கத்தரிக்காய், புளி, தேங்காய்ப்பால் என்றேன். தேங்காய்ப்பால் என்றதும் முகத்தைச் சுளித்து, வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முழுவதையும் முதலிலிருந்து சொல்லச் சொல்லி, மின்கட்டணக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். புளி எந்தக் கடையில் இருக்கும் என்று கேட்டார். செயின்ட் ஜோன்ஸில் கிடைக்கலாம் என்றேன். வெள்ளிக்கிழமை மகன் போகிறான், வாங்கி வரச் சொல்கிறேன் என்றார்.